ஜெசிந்தா கப்பல் இல்லை

அண்ணாச்சி, கொஞ்சம் முன்னால பாருங்க. டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, நீலச் சேலை, தலையில பிச்சிப்பூ. தெரியுதா? அது பொம்பளையா கப்பலா, நீங்களே ஒரு தீர்ப்பு சொல்லுங்க.

சிரிக்காதீங்க. நான் கேக்கல, வெளிநாட்டு பேங்குக்காரன் கேக்கான். கப்பல் இல்ல, பொம்பளைதான்னு எழுதிக் குடுக்கத்தான் ரெண்டு பேரும் திருநெல்வேலிக்குப் போறோம். என் வீட்டுக்காரி. ஜெசிந்தா. நான் இஞ்ஞாசி, தூத்துக்குடிதான். புருசனும் பொண்டாட்டியும் ஒரே பஸ்ல ஏறி ஆளுக்கொரு மூலையில உக்காந்திருக்கோமேன்னு பாக்காதீங்க. அவ பக்கத்துல இடம் இருக்கு. பைய வச்சு அடைச்சிருக்கா, பாருங்க. ரெண்டு மாசமா என் மேல தடை.

சத்தமாப் பேசுதேனா? பேசுதேன். அவ காதுலயும் விழட்டும்.

விசயம் இதுதான். உலகத்துல ஒரு பெரிய நாடு. அதுக்கு ஆகாத ஒரு நாடு. பேரு வேண்டாம், பஸ்ல யாரு எவனுக்குச் சொந்தமோ. ஆகாத நாட்டுல தோண்டுன எடமெல்லாம் எண்ணெய் வருது. பெரிய நாட்டுக்காரன் அவன் சபையில உக்காந்து, அந்த எண்ணெய எவனும் வாங்கக்கூடாதுன்னு சட்டம் போட்டுட்டான். சட்டம் போட்டா எண்ணெய் திரும்பக் கெணத்துக்குள்ள எறங்கிருமா? கப்பல்ல ஏறத்தான் செய்யும். கப்பல்னா ஆள் வேணும்லா. அந்த ஆள்ல ஒருத்தன் நான். போசன். போசன்னா டெக்குல வேலை பாக்குறவனுகளுக்கெல்லாம் மேஸ்திரி மாதிரி வச்சுக்கிடுங்க.

வீட்டுல நான் பொய் சொல்லல. எண்ணெய்க் கப்பல்னுதான் சொன்னேன். "அந்த வம்புக்காரனுக எண்ணெயா?"ன்னு கேட்டா. "சேச்சே, சூரியகாந்தி எண்ணெய்"ன்னேன். ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையப் புடிச்சுக்கிட்டு இன்னைக்கு வரைக்கும் தொங்குதா, அண்ணாச்சி.

அந்தக் கப்பல நீங்க பாக்கணும். இருநூத்தி நாப்பது மீட்டர் நீளம், உடம்பெல்லாம் துரு. எங்க தொட்டாலும் பொருக்கு பொருக்கா உதிரும். ஏறும்போது அதுக்கு ஒரு பேரு. ரெண்டாவது மாசம் சபையில சட்டத்த இறுக்குனான். எண்ணெய் வாங்குனவன மட்டும் இல்ல, ஏத்துன கப்பலையும் எந்தத் துறைமுகத்துலயும் விடக்கூடாதுன்னான். உடனே முதலாளிகிட்ட இருந்து சேதி: பேர மாத்து. பின்பக்கம் பலகையக் கட்டித் தொங்கவிட்டு, அதுல நான் உக்காந்து, பழைய பேரு மேல கருப்பு அடிச்சு, வெள்ளையில புதுப் பேரு எழுதுவேன். கீழ கடல், மேல கேப்டன். "நேரா எழுது, நேரா எழுது"ன்னு கத்துவாரு. கப்பல் ஆடுது, நான் மட்டும் எப்படி நேரா எழுதுறது?

பெறகு இன்னும் இறுக்குனான். கொடி குடுத்த நாட்டுக்கும் தடைன்னான். நாங்க கொடிய மாத்துனோம். ஒரு கொடி வந்துச்சு பாருங்க, அந்த நாட்டுல கடலே கிடையாதாம். நான் சத்தியமாச் சொல்லுதேன். சுத்தி மலையும் ஆடும்தான். அந்த ஊர்க்காரன் கப்பலப் பாத்திருந்தா பயந்து ஓடியிருப்பான். எங்க கப்பல் பாட்டுக்கு அந்தக் கொடியப் போட்டுக்கிட்டு ஜம்முனு போச்சு. கப்பல் எங்க இருக்குன்னு காட்டுற கருவி ஒண்ணு இருக்கும். அதையும் அப்பப்ப அணைச்சிருவோம். நடுக்கடல்ல இன்னொரு கப்பல் பக்கத்துல வரும், குழாய மாட்டி எண்ணெய மாத்துவோம், ஒண்ணும் தெரியாத பிள்ளைக மாதிரி ஆளுக்கொரு பக்கமாப் போயிருவோம்.

இப்படியே கப்பலுக்கு மூணு பேரு ஆச்சு. நாலாவது பேருக்கு முதலாளியே சலிச்சுப் போனான். "எதையாவது வையி, இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எழுதி போட்டோ அனுப்பு"ன்னு கேப்டனுக்குச் சொல்லிட்டான். சாப்பாட்டு மேசையில எல்லாரும் உக்காந்து யோசிக்கோம். சமையல்காரன் அவன் ஊர்ச் சாமி பேரச் சொன்னான், ஒருத்தன் வாயிலயும் நுழையல. ரெண்டாவது இஞ்சினீயரு அவரு நாயோட பேரச் சொன்னாரு. அப்பதான் எனக்குப் பட்டுச்சு.

அன்னைக்கு என்ன நாளு தெரியுமா? ஜெசிந்தாவுக்குப் பொறந்தநாளு. போன வாட்டி பேசும்போது சண்டை வேற. எங்க கடக்கரையில வள்ளம் வாங்குனா என்ன பேரு வைப்போம்? ஒண்ணு மாதா பேரு, இல்லாட்டி பொண்டாட்டி பேரு. எங்க அப்பா வள்ளத்துல எங்க அம்மா பேரு. என் மச்சினன் போட்டுல அவன் பொண்டாட்டி பேரு. கட்டி இருபத்திரெண்டு வருசமாகியும் அவ பேர எழுத எனக்குன்னு ஒரு கட்டுமரம்கூடக் கிடையாது. சொல்லிக் காட்டுவா அப்பப்ப. நானும் சட்டுனு "ஜெசிந்தா"ன்னேன். கேப்டன் ரெண்டு வாட்டி சொல்லிப் பாத்தாரு. "நல்லாருக்கு, கப்பல் பேரு மாதிரியே இருக்கு"ன்னுட்டாரு.

அன்னைக்கு எழுதுனேன் பாருங்க, என் ஆயுசுல அப்படி எழுதுனதில்ல. ஒவ்வொரு எழுத்தும் ஆள் உசரம். காத்து, அலை, ஒண்ணும் தெரியல. போட்டோ எடுத்து வாட்ஸப்புல அனுப்புனேன். "உன் பேர்ல ஓடுது, பாத்துக்கோ."

அண்ணாச்சி, அவ அழுதிட்டா. போன்ல சத்தம் வரல, மூக்க உறிஞ்சுறது மட்டும் கேக்குது. பெறகு "சாப்பிட்டீகளா"ன்னு கேட்டா. கல்யாணமான புதுசுல கேட்ட குரல் அது. எனக்கும் கண்ணு கலங்கிருச்சு. பொய்யா சொல்லுதேன்?

அதோட விட்டிருந்தா ஒண்ணுமில்ல. அவ மக்ரூன் போடுதா, அதச் சொல்லலையே உங்களுக்கு. எங்க தூத்துக்குடி மக்ரூன் தெரியும்லா, முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரியும் அடிச்சு கூம்பு கூம்பா வைப்பாங்களே, அது. வீட்டுப் பின்னால ஓலைச் சாய்ப்புல ஒரு அடுப்போட ஆரம்பிச்சா. இப்ப ஆறு பொம்பளைங்க வேலை பாக்காங்க, ஆறுல நாலு பேரு புருசன் இல்லாதவங்க. "ஜெசிந்தா மக்ரூன்"னு முறையாப் பதிஞ்சு வச்சிருக்கா. கனடாவுல நம்ம ஆளுக கடை ஒண்ணுல இருந்து மொத தடவையா வெளிநாட்டு ஆர்டர் வந்திருக்கு. இந்த நேரம் பாத்து நான் போட்டோவ அனுப்புதேன். இவ என்ன செஞ்சா? பாக்கெட்டுல கப்பல் படத்தப் போட்டுட்டா!

ஆமா, அண்ணாச்சி. எண்ணெய்க் கப்பல் படம். மக்ரூன் பாக்கெட்டுல. பின்பக்கம் "ஜெசிந்தா"ன்னு கொட்டை எழுத்து, நான் எழுதுனது, அப்படியே பளிச்சுனு. அச்சகத்துக்காரன்கூடக் கேட்டிருக்கான், "அக்கா, பலகாரத்துக்குக் கப்பல் எதுக்கு"ன்னு. "என் வீட்டுக்காரரு என் பேர்ல விட்ட கப்பல்"ன்னு தெருவே கேக்கச் சொல்லியிருக்கா. நான் வாங்கி விட்ட மாதிரி.

பெட்டியெல்லாம் கனடா போய்ச் சேந்துச்சு. அந்த வாரம்தான் பெரிய நாட்டுக்காரன் மூணாவது வாட்டி இறுக்குனான். இந்த வாட்டி கப்பல்கள வரிசையாப் பேரு போட்டு வெளியிட்டுட்டான். அந்தப் பேரோட எந்த பேங்கு சம்பந்தம் வச்சாலும் அந்த பேங்குக்கும் தடை. எங்க மக ஷெரின் நர்சிங் முடிச்சிட்டு ஜெர்மன் பாசை படிக்கா, அந்த ஊர் ஆசுபத்திரிக்கு எழுதிப் போட்டிருக்கா. அவதான் போன்ல பாத்து வாசிச்சிருக்கா. "ஜெசிந்தா. இருநூத்தி நாப்பது மீட்டர். கச்சா எண்ணெய். முந்தைய பேர்கள்"னு போட்டு மூணு பேரு. "அம்மா, அப்பா சூரியகாந்தின்னாங்களே"ன்னு கேட்டிருக்கு பிள்ளை.

கனடாவுல இருந்து வர வேண்டிய பணம் வரல. அங்க உள்ள பேங்குல பேரப் பாத்ததும் கம்ப்யூட்டர் கத்தியிருக்கு. அவனுக விசாரிப்போம்னு பாக்கெட்டப் பாத்தா, அதே பேரு, அதே கப்பல், படத்தோட! விசாரிக்கிறவன் என்ன நெனப்பான் சொல்லுங்க. ரெண்டாவது ஆர்டர் நாப்பது பெட்டி வீட்டுலயே கெடக்கு. மக்ரூன் காத்துப் பட்டா நமுத்துப் போகும். ஆறு பொம்பளைங்களும் தெனமும் காலையில வந்து கேட்டுட்டுத் திரும்புதாங்க. இன்னைக்கு இந்தக் காகிதம் சரியாகலைன்னா சாய்ப்ப மூட வேண்டியதுதான்.

அதுக்குள்ள எங்க கப்பலையும் ஒரு நாடும் உள்ள விடாம நடுக்கடல்ல நங்கூரம் போட்டு வச்சு, ஒரு வழியா ஆள மாத்தி எங்கள ஊருக்கு அனுப்புனாங்க. நான் வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கேன். பெட்டிய எறக்கல. கேட்டா பாருங்க ஒரு கேள்வி. "என் பேர வச்சது என்னப் பெருமைப்படுத்தத்தான்னு நெனச்சேன். பழைய பேர மறைக்கத்தான் வச்சிருக்கீக, இல்லியா?"

எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு, அண்ணாச்சி. ஆனா ரெண்டும்தானேங்க! ரெண்டு காரியம் ஒண்ணா முடிஞ்சா நல்லதுதானே? அதையே அவகிட்டயும் சொன்னேன். சொல்லியிருக்கப்பிடாது போல.

அன்னைக்குப் போட்டா தடை. மொத வாரம் பேச்சு கிடையாது. சரின்னு இருந்தேன். ரெண்டாவது வாரம் மீனு போச்சு. தூத்துக்குடிக்காரனுக்கு மீன நிறுத்துறது எவ்வளவு பெரிய பாவம்! சீலாத் துண்டு அவளுக்கும் பிள்ளைக்கும் வெந்துக்கிட்டு இருக்கும், எனக்கு ரசம். நான் விடுவேனா? தெரு முனையில அவ அம்மா வீடு. அங்க போயி "அத்தை, ஒரு வாய் கொழம்பு"ன்னு நின்னேன். ரெண்டு நாள் ஓடுச்சு. மூணாவது நாள் சட்டத்த இறுக்கிட்டா. எனக்குச் சோறு போடுற வீட்டோட இவளும் பேசமாட்டாளாம்! அத்தை கதவச் சாத்திட்டு, "வேற எங்கயாவது பாருங்க மாப்பிள்ளை, எனக்கு மக வேணும்"ன்னுட்டாங்க. மச்சினன் வீடு, சித்தி வீடு, ஒண்ணும் மிச்சமில்ல. எனக்கு டீ குடுத்த குத்தத்துக்கு எதிர்வீட்டுக்காரி ஒரு வாரம் வெலக்கி வைக்கப்பட்டா.

இந்த அநியாயத்த அந்தச் சபைக்காரனுகளே செய்யலையே! அவனுககூட சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் விதிவெலக்கு உண்டுன்னுதான் எழுதுவானுக. நானும் போன அணைச்சுப் போட்டுட்டு கடைக்குப் போயி பரோட்டாவும் சால்னாவும் தின்னுட்டு வருவேன். நடுக்கடல்ல படிச்ச பாடம். ஆனா ஊரு சின்னது. நான் வீடு வந்து சேருறதுக்குள்ள எத்தனை பரோட்டான்னு அவளுக்குக் கணக்கு வந்திரும்.

சரி, காகிதத்துக்கு வாரேன். திருநெல்வேலி பேங்குல ஒரு சின்ன வயசு அம்மா அதிகாரி. நல்ல பிள்ளை. போன வாரம் கூப்புட்டு ஒரு பாரத்த நீட்டுனாங்க, வெளிநாட்டுல இருந்து வந்தது. கப்பல் பேரோட ஒத்துப்போனா எல்லாருக்கும் அதே பாரம்தானாம். "கட்டப்பட்ட வருசம்"னு கேட்டிருக்கான். இவ பல்லக் கடிச்சுக்கிட்டு பொறந்த வருசத்த எழுதுனா. "முந்தைய பேர்கள்." கல்யாணத்துக்கு முந்தி அவ அப்பா பேரோட இருந்தத எழுதுனா. அடுத்தது "மொத்த எடை". நான் எட்டிப் பாத்து, "குறைச்சு எழுதாத, பெறகு அளந்து பாப்பான்"ன்னு ஒரு வார்த்தை சொன்னேன். பேனா வந்து நெத்தியில பட்டுச்சு. இந்தா, இந்தத் தழும்பு.

அந்த அம்மா சிரிப்ப அடக்கிட்டு ரெண்டு வழி சொன்னாங்க. ஒண்ணு, நான் எழுதிக் குடுக்கணும். இன்ன தேதியில இருந்து இன்ன தேதி வரைக்கும் இந்தக் கப்பல்ல வேலை பாத்தேன், தெரிஞ்சேதான் பாத்தேன், நான்தான் பொண்டாட்டி பேர வச்சேன், அவளுக்கு ஒரு சம்பந்தமும் கிடையாதுன்னு. எழுதுனா அவளுக்கு எல்லாம் திறந்திரும். ஆனா எனக்கு? தடை போட்ட கப்பல்ல தெரிஞ்சே இருந்தேன்னு என் கையாலயே எழுதிட்டா, ஒரு கம்பெனிக்காரன் என்ன ஏத்துவானா? இருபத்தாறு வருசக் கடலு, அண்ணாச்சி. கரையில எனக்கு என்ன தெரியும்? முட்டை அடிக்கவா?

ரெண்டாவது வழி, அவ எழுதிக் குடுக்கணும். அந்தக் கப்பலோடயும், அதுல வேலை பாத்த எந்த ஆளோடயும் எனக்கு எந்தத் தொடர்பும் இல்ல, ஒரே வீட்டுல இல்லன்னு. வக்கீல் முன்னால கையெழுத்து. எனக்குச் சிரிப்பு வந்திட்டு. "புருசன் குத்துக்கல்லாட்டம் பக்கத்துல நிக்கேன், எப்படி எழுதுவா"ன்னேன். ஜெசிந்தா சிரிக்கல. ரெண்டு பாரத்தையும் மடிச்சுப் பைக்குள்ள வச்சுக்கிட்டா.

அந்தா, அந்தப் பைதான். பக்கத்து சீட்டுல.

இன்னைக்குக் காலையில வரைக்கும் மொத பாரத்துல கையெழுத்துப் போட்டிரலாம்னுதான் இருந்தேன், மாதா சத்தியமா. கெளம்பும்போது, கப்பலுக்கு ஆள் ஏத்துற ஏஜெண்டு போன்ல சேதி அனுப்பிட்டான். அதே கப்பலுக்குப் புது முதலாளி, புதுக் கொடி. போசன் வேணும், நீதான் வேணும்னு கேப்டன் ஒத்தக் கால்ல நிக்காராம். மத்தியானம் இந்த வழியில உள்ள வாகைக்குளம் ஏர்போர்ட்டுல இருந்து பிளேனு, டிக்கெட்டும் போட்டாச்சு. எதுக்கும் இருக்கட்டும்னு நாலு துணிய இந்தப் பையில திணிச்சுக்கிட்டேன். நான் இன்னும் அவகிட்ட சொல்லல. எப்படிச் சொல்ல? பேச்சுதான் கிடையாதே. மனசு ரெண்டாக் கெடக்கு. கையெழுத்துப் போட்டா கடல் போச்சு. போடலைன்னா அந்த ஆறு பொம்பளைங்க மொகம் கண்ணுல நிக்கும், இவ மொகத்த நான் பாக்கவே முடியாது. நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? சொல்லுங்க, சும்மா சொல்லுங்க.

பொறுங்க, கண்டக்டர் வந்திட்டாரு. திருநெல்வேலி ஒண்ணு குடுங்க தம்பி. என்னது? எனக்கு எடுத்தாச்சா? யாரு?

அண்ணாச்சி! அவ எடுத்திருக்கா! பாத்தீங்களா? நான் சொன்னேன்லா, எத்தனை நாளைக்குத் தாக்குப் புடிப்பா? ரெண்டு மாசத்துக்குப் பெறகு எனக்குன்னு ஒரு காரியம் செஞ்சிருக்கா. குடுங்க தம்பி, அந்தச் சீட்ட. கண்ணாடி போடாம எழுத்துத் தெரியல. வா... வாகைக்குளமா? தம்பி, நீங்க தப்பா அடிச்சிட்டீங்க. திருநெல்வேலி ரெண்டு. இல்லியா? "திருநெல்வேலி ஒண்ணு, ஏர்போர்ட்டு விலக்கு ஒண்ணு. பின்னால செவப்புச் சட்டை போட்டவருக்கு"ன்னா சொன்னாங்க?

அவளுக்கு எப்படித் தெரியும்? ஷெரின்தான் பாத்திருப்பா, போனு சார்ஜுல கெடந்துச்சு.

திரும்பிப் பாக்காளான்னு பாருங்க. பாக்கல. நேராத்தான் இருக்கா. பைய மடியில எடுத்து வச்சிருக்கா, என்னவோ காகிதத்த வெளிய எடுக்கா. பேனா கேக்கா எதிர் வரிசையில உள்ள பொம்பளைகிட்ட. அந்த ரெண்டாவது பாரம்தான். மஞ்சக் காகிதம், எனக்குத் தெரியும்.

அட, எழுதிட்டுப் போறா, அண்ணாச்சி! காகிதத்துலதானே? தொடர்பு இல்லன்னு எழுதிட்டா தொடர்பு போயிருமா? எத்தனை காகிதத்துல எத்தனை கொடி போட்டோம், கப்பல் ஒண்ணுதானே. நான் கேக்கேன், கோவம் இருக்குறவ காசு குடுத்து டிக்கெட் எடுப்பாளா? போயிட்டு வாங்கன்னு அர்த்தம். வாயால சொல்ல வெக்கம். கையெழுத்தும் நான் போட வேண்டாம், கடலும் போகல. எனக்காக யோசிச்சிருக்கா பாருங்க. நான்தான் அவளத் தப்பா நெனச்சிட்டேன்.

ஏர்போர்ட்டுக்குத் திரும்புற விலக்கு வந்திட்டு. கால ஒதுக்குங்க, எறங்கிக்கிடுதேன். இந்தப் பைய மட்டும் கொஞ்சம் தூக்கிக் குடுங்க. முன்வாசல் வேண்டாம், பின்னாலயே எறங்குதேன். அழுதுகிழுது வச்சிரப் போறா.

ஒரு விசயம். கேப்டன் இந்த வாட்டியும் பேரு கேட்டிருக்காரு, நாளைக்கே எழுதணும். ஜெசிந்தா பேரு வேண்டாம், பட்டது போதும் பாவம். எனக்கும் புத்தி இருக்குல்லா. மக பேரு வைக்கப் போறேன். ஷெரின். கப்பலுக்கு எடுப்பா இருக்கும். இப்ப இவகிட்ட சொல்லிராதீங்க, அண்ணாச்சி. போட்டோ அனுப்பும்போது ரெண்டு பேரும் பாத்து சந்தோசப்படட்டும்.